ஜெபமும் ஊழியமும்: திருநெல்வேலிச் சீமைக் கிறித்தவப் பெண்களின் சமய வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றிய வரலாறு பெரும்பாலும் மிஷனெரிகள், குருமார்கள், உபதேசியார்கள் ஆகிய ஆண்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றினூடே ஜெபத்தையும் பிறர்க்கான தொண்டையும் தம் வாழ்வாகக் கொண்ட பெண்களின் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பாளையங்கோட்டைக் குளோரிந்தா, 19ஆம் நூற்றாண்டின் வேதாகமப் பெண்கள், டோனாவூர்ப் பெண்கள் சமூகம் ஆகிய மூன்று நிலைகளை அது எடுத்துக்கொள்கிறது. கணவன்வழி அடையாளத்தை இழந்த, அல்லது அதனை ஏற்காத பெண்களுக்கு ஜெபமும் ஊழியமும் சமூக மதிப்புடைய ஓர் இடத்தை உருவாக்கித் தந்தன என்பதும், அவ்விடம் திருச்சபை அதிகாரமாக வளரவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: ஜெபம், ஊழியம், கைம்மை, குளோரிந்தா, வேதாகமப் பெண்கள், பொன்னம்மாள், டோனாவூர்

முன்னுரை

தமிழ்ச் சமூகத்தில் ஒரு பெண்ணின் தகுதி நெடுங்காலம் மகள், மனைவி, தாய் என்னும் உறவுநிலைகளைக் கொண்டே அளக்கப்பட்டது. இவ்வுறவுகளில் நடுவிலிருப்பது மணவுறவு. கணவனை இழந்தவளுக்கு மங்கல நிகழ்வுகளில் இடமில்லை. மணம் புரியாதவளுக்குச் சமூகம் ஒரு பெயரைக்கூட எளிதில் தரவில்லை. இத்தகைய சூழலில் கிறித்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் ஜெபத்தையும் தொண்டையும் எவ்வாறு கையாண்டனர் என்பது சமய வரலாற்றுக்கு மட்டுமின்றிப் பெண்ணிய ஆய்வுக்கும் உரிய வினாவாகும்.

ஜெபம் அகம் சார்ந்தது, தொண்டு புறம் சார்ந்தது என்று பிரித்துக் காண்பது பொதுவழக்கு. பெண்களின் நடைமுறை வாழ்வை நோக்கினால் இப்பிரிவு நிலைக்கவில்லை. ஜெபம் அவர்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது. தொண்டு பிறர் வீட்டிற்குள் அவர்களை இட்டுச் சென்றது. இவ்விரு இயக்கங்களும் ஒன்றையொன்று சார்ந்து நடந்த முறையே இங்கு விளக்கப்படுகிறது.

1. ஊழியம்: ஒரு சொல்லின் பொருள்மாற்றம்

தமிழ்க் கிறித்தவர் தம் சமயப்பணியைக் குறிக்க மிகுதியாக ஆளும் சொல் ‘ஊழியம்’ என்பதாகும். தொண்டு, சேவை, திருப்பணி என்னும் சொற்கள் வழக்கில் இருந்தும் பேச்சிலும் எழுத்திலும் முதன்மை பெற்றது இச்சொல்லே. ஊழியம் என்பது மேலோர்க்கோ அரசுக்கோ கீழோர் செய்ய வேண்டிய கடமைப்பணியையும் குறித்தது. அண்டைப் பகுதியான திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்புக்கும் இதுவே பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வூழியத்திலிருந்து விலக்கு வேண்டிக் கிறித்தவர்கள் முறையிட்ட செய்தி தென்திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றில் இடம்பெறுகிறது.

பிறப்பினால் சுமத்தப்பட்ட உழைப்பைக் குறித்த சொல்லே, விரும்பி ஏற்கும் இறைப்பணியையும் குறிக்கலாயிற்று. இப்பொருள்மாற்றம் பெண்கள்பால் தனிச்சிறப்புப் பெறுகிறது. சமைத்தல், நீர் சுமத்தல், நோயாளியைப் பேணுதல், குழந்தையைக் கழுவுதல் ஆகியன பெண்ணுக்கு இயல்பாகவே உரியவை என்று கருதப்பட்டமையால் அவற்றுக்குத் தனி மதிப்பு இருந்ததில்லை. அதே செயல்கள் இறைவன் பொருட்டு, உறவல்லாத ஒருவருக்குச் செய்யப்பட்டபோது ஊழியம் என்று பெயர் பெற்றன. பெயர் மாறியபோது செய்பவரின் நிலையும் மாறியது. தமிழ் விவிலியம் கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்று குறிப்பதும் நோக்கத்தக்கது. திருச்சபையில் பொறுப்புடைய பெண்ணுக்கு ஒரு பெயர் விவிலியத்திலேயே கிடைத்துவிட்டது.

2. விவிலியத்தில் கைம்பெண்

தமிழ்க் கிறித்தவப் பெண்களிடையே பெருவழக்காக உள்ள விவிலிய முன்மாதிரிகள் மார்த்தாள், மரியாள், தொற்காள், அன்னாள் ஆகியோர். மரியாள் கிறித்துவின் காலடியில் அமர்ந்து கேட்டவள். மார்த்தாள் பணிவிடையில் ஈடுபட்டவள். இருவரையும் எதிர்நிலைகளாகக் காட்டும் மரபு நெடியது. ஆனால் தொற்காளின் கதையில் அந்த எதிர்நிலை இல்லை. அவள் கைம்பெண்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்தாள். அவள் இறந்தபோது அக்கைம்பெண்கள் அவ்வாடைகளைக் காட்டி அழுதனர். பேதுருவின் ஜெபத்தால் அவள் உயிர்பெற்றாள். தைத்த துணியே இங்குச் சான்றாகி ஜெபத்திற்கு வழிகோலுகிறது.

லூக்கா நற்செய்தியில் வரும் அன்னாள் ஏழாண்டு மட்டுமே கணவனுடன் வாழ்ந்தவள். கைம்பெண்ணாக முதுமை எய்திக் கோயிலில் நோன்பிலும் ஜெபத்திலும் காலங்கழித்தவள். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், திருச்சபையின் பட்டியலில் சேர்க்கத்தக்க கைம்பெண்ணின் தகுதிகளைக் கூறுகிறது. பிள்ளை வளர்த்தல், விருந்தோம்பல், அடியார்களின் கால்களைக் கழுவுதல், துன்புற்றோர்க்கு உதவுதல் என்பன அவற்றுள் அடங்கும். தொடக்கத் திருச்சபையில் கைம்மை வெறும் இழப்பாக மட்டும் கருதப்படவில்லை. அது ஒரு பணிநிலையாகவும் இருந்தது. கைம்பெண்ணை அமங்கலமாகக் கருதிய சமூகத்தில் இவ்வாசகங்கள் வாசிக்கப்பட்டபோது அவை ஏற்படுத்திய விளைவை அடுத்துவரும் பகுதிகளில் காணலாம்.

3. குளோரிந்தா: திருச்சபைக்கு வித்திட்ட கைம்பெண்

திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கம் ஒரு பெண்ணின் பெயருடன் பிணைந்துள்ளது. தஞ்சாவூர் மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே கைம்பெண்ணான அவர், லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலருடன் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். உடன்கட்டை ஏறுவதிலிருந்து அவரை லிட்டில்டன் காப்பாற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. கிறித்தவ சமயத்தை அறிந்து திருமுழுக்கு வேண்டியபோது, மணமின்றி ஓர் ஆடவருடன் வாழ்வதைக் காரணம் காட்டி மிஷனெரி ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பின், 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். குளோரிந்தா என்பது அப்போது பெற்ற பெயர்.

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையினர் நாற்பது பேரின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. அப்பட்டியலில் முதற்பெயர் குளோரிந்தாவினுடையது. அவரது முயற்சியால் எழுந்த கோயிலை 1785ஆம் ஆண்டில் ஸ்வார்ட்ஸ் அர்ப்பணம் செய்தார். சபைக்கு நிலையான போதகர் வேண்டுமென்று அவர் தொடர்ந்து வற்புறுத்தினார். அதன் பின்னரே உபதேசியார் சத்தியநாதன் இப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1790ஆம் ஆண்டில் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றார்.

இந்நிகழ்வுகளின் வரிசை கருதத்தக்கது. மிஷனெரி வந்து சபையை நிறுவிய பின் பெண்கள் அதில் சேர்ந்தனர் என்னும் பொதுவான கதைப்போக்கு இங்குத் தலைகீழாகிறது. ஜெபத்திற்குக் கூடிய ஒரு குழு முதலில் தோன்றியது. அதன் நடுவில் ஒரு கைம்பெண் இருந்தார். கோயில் பின்னர் எழுந்தது. போதகர் அதன்பின் வந்தார். திருமுழுக்குக்குத் தகுதியற்றவர் என்று ஒருகாலத்தில் மறுக்கப்பட்டவரே சபையின் முதற்பெயராக நின்றார்.

அவர் எழுப்பிய கோயிலை மக்கள் இன்றும் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே வழங்குகின்றனர். அவர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் கிணற்றுக்கும் அப்பெயரே வழங்கியது. இவ்வழக்கு இரு செய்திகளை ஒருங்கே தருகிறது. திருமுழுக்குப் பெயரைக் காட்டிலும் சாதிப்பெயரே மக்கள் நினைவில் தங்கியது. ஆயினும் அந்நினைவு ஒரு கோயிலோடும் ஒரு கிணற்றோடும், அதாவது ஜெபத்தோடும் தொண்டோடும் சேர்ந்தே தங்கியது. அ. மாதவையா 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ நாவல் இவ்வாழ்வை இலக்கியப் பொருளாக்கியது.

4. வேதாகமப் பெண்கள்: வீடுதோறும் சென்ற வாசிப்பு

குளோரிந்தாவின் பணி ஒரு தனிப்பெண்ணின் செல்வாக்கினால் இயன்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்களின் ஊழியம் அமைப்பு வடிவம் பெற்றது. 1857ஆம் ஆண்டில் இலண்டனில் எலன் ரான்யார்டு, ஏழைக் குடியிருப்புகளுக்கு விவிலியத்தை எடுத்துச் செல்ல அப்பகுதிப் பெண்களையே அமர்த்தும் முறையைத் தொடங்கினார். அப்பெண்களுக்கு வழங்கிய பெயர் தமிழகத்தில் ‘வேதாகமப் பெண்’ என்றாயிற்று. பெண்கல்விப் பணிக்கெனத் தனிச் சங்கங்கள் எழுந்தபோது இம்முறை தமிழ்நாட்டிலும் பரவியது.

ஆண் போதகர்கள் நுழைய இயலாத உள்வீடுகளே வேதாகமப் பெண்களின் பணிக்களம். அவர்கள் வீடுதோறும் சென்று விவிலியப் பகுதியை வாசித்தனர், கதையாக விளக்கினர், கீர்த்தனை பாடினர், விரும்பிய பெண்களுக்கு எழுத்தறிவித்தனர், நோயுற்றோர் அருகில் அமர்ந்து ஜெபித்தனர். எழுத்தறியாத பெண்களிடையே பாடலே ஜெபத்தின் முதல் வடிவமாக இருந்தது. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இவ்வகையில் பெண்களின் வாய்மொழி உடைமையாயின.

இப்பணிக்கு வந்தோருள் கைம்பெண்கள் மிகுதி. நடைமுறைக் காரணங்கள் இதற்கு உண்டு. குடும்பப் பொறுப்பு குறைந்தவர்கள் ஊர் ஊராகச் செல்ல இயலும். பணிக்குக் கிடைத்த சிறு ஊதியம் ஆதரவற்ற பெண்ணுக்கு உணவளித்தது. இவற்றினும் ஆழமான ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. எதிரே வந்தால் தீநிமித்தம் என்று ஒதுக்கப்பட்ட கைம்பெண், கையில் நூலுடன் குறித்த நாளில் வரவேண்டியவளாக எதிர்பார்க்கப்பட்டாள். அவள் வருகைக்காகப் பாடம் கற்போர் காத்திருந்தனர். பிறந்த குழந்தைக்கு ஜெபிக்குமாறு அவளை அழைத்தனர். மங்கல, அமங்கலப் பாகுபாட்டை எதிர்த்து அவள் ஏதும் பேச வேண்டியிருக்கவில்லை. அவளது வருகையே அதனைத் தளர்த்தியது.

மணமான பெண்களும் இக்கல்விப் பணியில் முன்னின்றனர். திருநெல்வேலித் திருச்சபையின் முன்னோடிக் குருவான ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாள் சத்தியநாதன், தம் கணவருடன் சென்னையில் பணியாற்றி, சிறுமியர் பள்ளிகளை நடத்தியதுடன் வீடுகளுக்குச் சென்றும் கற்பித்தார். ‘நல்ல தாய்’ என்னும் தமிழ்நூலையும் எழுதினார். தமிழியலார்க்கு ஒப்பிலக்கண ஆசிரியராக அறிமுகமான கால்டுவெல்லின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் பிறந்து தமிழைச் சிறுவயது முதலே பேசி வளர்ந்தவர். இடையன்குடியில் பெண்கள் பள்ளியையும் பின்னல்தொழிலையும் அவர் வளர்த்தார். பின்னல்தொழில் கிறித்தவப் பெண்களின் கையில் தம் உழைப்பால் வந்த பணத்தைச் சேர்த்தது.

5. டோனாவூர்: பொன்னம்மாளும் குழந்தைகளும்

ஜெபத்திற்கும் தொண்டிற்கும் இடையிலான உறவு வெளிப்படையான விவாதமாகவே எழுந்த இடம் டோனாவூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள இவ்வூர், இரேனியுஸின் பணிக்கு நிதியளித்த டோனா பிரபுவின் பெயரால் அமைந்தது. அயர்லாந்தில் 1867ஆம் ஆண்டில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895ஆம் ஆண்டில் இந்தியா வந்து, திருநெல்வேலிப் பகுதியில் மிஷனெரி தாமஸ் வாக்கரிடம் தமிழ் பயின்றார். அங்குத் தமிழ்ப் பெண்கள் சிலரைக் கொண்ட ஓர் ஊழியக் குழு உருவாயிற்று. ஊர் ஊராகச் சென்று நற்செய்தி கூறுவதே அதன் பணி. அக்குழுவின் முதன்மையானவர் பொன்னம்மாள் என்னும் இளம் கைம்பெண்.

இக்குழுவினர் தம் அணிகலன்களைக் களைந்தனர். இது அன்றைய கிறித்தவ சமூகத்திலேயே அதிர்ச்சியை ஏற்படுத்தியது. நகை குடும்பத்தின் செல்வநிலையையும் சாதிநிலையையும் காட்டுவது. கைம்மையின் அடையாளமாகக் கட்டாயத்தால் நகை களைவது வழக்கம். தம் விருப்பத்தால் அதனைக் களைந்ததன் வாயிலாக, கைம்பெண்ணுக்கும் மணமாகாதவளுக்கும் இடையே இருந்த புற வேறுபாட்டை இப்பெண்கள் அழித்தனர்.

1901ஆம் ஆண்டில், கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் குழந்தைகள் தொடர்ந்து வந்தனர். 1913ஆம் ஆண்டளவில் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. நற்செய்தி கூறச் செல்லும் குழு, தொட்டில்களுக்கு நடுவே தங்கவேண்டியதாயிற்று. ஊழியம் என்பது ஊர்தோறும் சென்று பேசுவது என்றால், குழந்தைக்குப் பாலூட்டுவதும் துணி துவைப்பதும் ஊழியமாகுமா என்னும் வினா எழுந்தது. கிறித்து சீடரின் கால்களைக் கழுவிய செய்தியில் கார்மைக்கேல் இதற்கு விடை கண்டார்.

இவ்வினா தமிழ்ச்சூழலில் கூடுதல் கூர்மை உடையது. குலம் தெரியாத குழந்தையின் அழுக்கைக் கழுவுதல், கற்ற குடும்பத்துப் பெண்ணுக்கு இழிவாகக் கருதப்பட்ட வேலை. பிறர் குழந்தைக்குப் பாலூட்ட முன்வந்த தாய்மாரும் அரியர். தாய்ப்பாலின்றி வந்த பச்சிளங்குழந்தைகள் சில இறந்தன. மருத்துவ உதவி கிடைக்கும்பொருட்டு, இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் குழந்தைகள் இல்லம் ஒன்று நடத்தப்பட்டது. அதனைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள். பால் கலக்கும் அளவு, குழந்தையின் எடை, இரவுக் காவல் ஆகியவற்றைத் தாமே கற்றுப் பிற பெண்களுக்கும் கற்பித்தார். 1915ஆம் ஆண்டில் புற்றுநோயால் அவர் மறைந்தார். டோனாவூர் இல்லத்தின் வரலாறு கார்மைக்கேலின் பெயரால் அறியப்படினும், அவ்வில்லத்தின் அன்றாட அறிவு பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களின் கையில் உருவானது.

டோனாவூரின் விளிமுறைகள் தனி ஆய்வுக்குரியவை. கார்மைக்கேல் ‘அம்மா’ என்று அழைக்கப்பட்டார். தமிழ்ப் பணியாளர்கள் ‘அக்காள்’, ஐரோப்பியப் பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்கு இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளே விழாநாளாயிற்று. குருதியுறவின்றியே திருநெல்வேலிக் குடும்பத்தின் உறவுப்பெயர்கள் அனைத்தும் அங்கு மறுபடி உருவாயின. மணவுறவைச் சாராமல் ஒரு பெண் அக்காளாகவும் சித்தியாகவும் வாழ இயலும் என்பதை அவ்வழக்குச் செயலில் காட்டியது.

6. பொதுவாழ்வின் சகோதரிகள்

1916ஆம் ஆண்டில் டோனாவூர்ப் பெண்கள் சிலர் ‘பொதுவாழ்வின் சகோதரிகள்’ என்னும் குழுவாக இணைந்தனர். நெதர்லாந்தில் 14ஆம் நூற்றாண்டில் கெரார்டு குரோட் தொடங்கிய ‘பொதுவாழ்வின் சகோதரர்’ இயக்கத்தின் பெயரைத் தழுவியது இப்பெயர். அச்சகோதரர்கள் கைத்தொழிலையும் தியானத்தையும் ஒரே வாழ்வாக நடத்தியவர்கள். டோனாவூர்ச் சகோதரிகள் மடத்துத் துறவியர் போன்று வாழ்நாள் வாக்குறுதி எடுக்கவில்லை. மணம் புரிய விரும்பியவர் விலகலாம். மணமின்றி இருக்கும் காலம் முழுதும் அவர்கள் ஒரு சமூகமாக ஜெபித்துப் பணிபுரிந்தனர்.

இவ்வமைப்பின் அடிப்படைக் கருத்து, ஆன்மிக வேலை என்றும் உலகியல் வேலை என்றும் இரண்டில்லை என்பதாகும். அடுப்படிக்கும் ஜெபவீட்டிற்கும் ஒரே மதிப்பு. நிதி திரட்ட மனிதரிடம் வேண்டுகோள் விடுப்பதில்லை, இறைவனிடம் ஜெபிப்பதே முறை என்பது இல்லத்தின் கொள்கை. ஆகவே அரிசியும் பாலும் மருந்தும் ஜெபத்தின் பொருளாயின. ஒரு குழந்தையின் காய்ச்சலும் ஒரு கட்டடத்தின் செலவும் ஒரே ஜெபக்கூட்டத்தில் இடம்பெற்றன. ஜெபம் இங்கு இல்லத்தின் தேவைகளைப் பொதுவில் எண்ணிப் பகிரும் முறையாகவும் செயற்பட்டது.

மருத்துவமனைக்கு ‘பரம சுக சாலை’ என்று பெயர் வழங்கியது. 1931ஆம் ஆண்டில் விழுந்து காயமுற்ற கார்மைக்கேல், 1951ஆம் ஆண்டில் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே வாழ்ந்தார். இருபதாண்டுகள் அவரால் நடமாடிப் பணிசெய்ய இயலவில்லை. ஜெபிக்கவும் எழுதவும் மட்டுமே இயன்றது. இல்லத்தின் நாள்தோறுமான பணியைச் சகோதரிகளும் உடனுழைத்த பிறரும் நடத்தினர்.

7. இல்லறப் பெண்கள்: பிடியரிசியும் வீட்டு ஜெபமும்

மேற்கண்டவை பெரும்பாலும் இல்லறத்திற்கு வெளியே நின்ற பெண்களின் நிலைகள். குடும்பத்துப் பெண்கள் ஊழியம் செய்யவில்லை என்று இதனாற் கொள்ளலாகாது. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்து ஆலயத்திற்குப் படைக்கும் பிடியரிசிக் காணிக்கை தென்தமிழகச் சபைகளில் நன்கறியப்பட்ட வழக்கம். தமக்கெனத் தனி வருமானம் இல்லாத பெண் தன் ஆளுகைக்குட்பட்ட ஒரே பொருளிலிருந்து கொடுப்பது அது. கொடுக்கும் கணத்தில் அவள் சொல்லும் சிறு ஜெபம் சமையலையே வழிபாட்டின் பகுதியாக்குகிறது. வீட்டு ஜெபக்கூட்டம், உபவாச ஜெபம், நோயுற்றோர் சந்திப்பு, பெண்கள் ஐக்கிய சங்கம் ஆகியன இதன் விரிவுகள்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இல்லறப் பெண்ணின் ஊழியம் அவள் ஏற்கெனவே பெற்றிருந்த குடும்பநிலைக்குள் நிகழ்ந்தது. அவளது நிலையை அது மாற்ற வேண்டியதில்லை. கைம்பெண்ணுக்கும் மணமாகாதவளுக்கும் ஊழியமே நிலையைத் தந்தது. ஆகவேதான் வரலாற்றுத் திருப்பங்களில் குளோரிந்தாவும் பொன்னம்மாளும் போன்றோர் முன்னிற்கின்றனர்.

8. வரம்புகள்

இவ்விடத்தை முழு விடுதலையாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதலாவது, வேதாகமப் பெண்கள் விவிலியத்தை விளக்கினர், ஆயினும் ஆலய மேடை அவர்களுக்கு உரியதன்று. குருப்பட்டமும் திருவிருந்து நடத்தும் உரிமையும் ஆண்களிடமே இருந்தன. போதகர் வேண்டிய குளோரிந்தாவும் தாம் போதகராக இயலவில்லை.

இரண்டாவது, பெண்களின் பணி மிஷனெரிகளின் மேற்பார்வைக்கு உட்பட்டது. யாரை அமர்த்துவது, எங்கு அனுப்புவது என்னும் முடிவுகள் அவர்களுடையவை. அறிக்கைகளில் பல பெண்கள் பதவிப்பெயராலோ முதற்பெயராலோ மட்டும் குறிக்கப்படுகின்றனர். பொன்னம்மாளின் வாழ்வும் கார்மைக்கேல் ஆங்கிலத்தில் எழுதிய நூல்வழியே அறியக்கிடைக்கிறது.

மூன்றாவது, தேவதாசி மரபு பற்றிய மிஷனெரிகளின் சித்திரிப்பு ஒருபுறச் சார்புடையது. இசைக்கும் நடனத்திற்கும் உரியவர்களாகவும் சொத்துரிமை உடையவர்களாகவும் தேவதாசியர் விளங்கியதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. அதே வேளையில், சிறுமியரை அர்ப்பணிக்கும் வழக்கத்தை எதிர்த்த குரல் மிஷனெரிகளுடையது மட்டுமன்று. முத்துலட்சுமி ரெட்டியும், ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936) நாவலை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தமிழ்ச்சமூகத்தின் உள்ளிருந்தே அதனை எதிர்த்தனர். அர்ப்பணிப்பைத் தடைசெய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

முடிவுரை

திருநெல்வேலிச் சீமையில் ஜெபமும் ஊழியமும் கிறித்தவப் பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கும் மணமின்றி வாழ்ந்தோர்க்கும், சமூகம் மறுத்த ஓர் இடத்தை அளித்தன. குளோரிந்தாவிடம் அது சபையைத் தொடங்கும் ஆற்றலாக வெளிப்பட்டது. வேதாகமப் பெண்களிடம் பிறர் வீட்டு வாயிலில் வரவேற்பாக அமைந்தது. டோனாவூரில் குருதியுறவற்ற குடும்பமாக விரிந்தது. பெண்ணுக்குரியதென மதிப்பின்றி ஒதுக்கப்பட்ட வேலைகளே இம்மூன்று நிலைகளிலும் ஊழியமாகப் பெயர்மாற்றம் பெற்றன. அப்பெயர்மாற்றம் உரிய அதிகாரத்தைக் கொண்டுவரவில்லை என்பதும் உண்மை.

இப்பெண்களின் சொற்கள் பெரும்பாலும் பிறர் எழுத்தின் வழியே கிடைப்பதால், இனிவரும் ஆய்வுகள் தமிழ்மூலங்களை நாட வேண்டும். சபைப் பதிவேடுகள், ‘நற்போதகம்’ போன்ற திருச்சபை இதழ்கள், கல்லறைக் கல்வெட்டுகள், பெண்கள் சங்கக் குறிப்பேடுகள், மூத்த பெண்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபங்கள் ஆகியன தொகுக்கப்பட வேண்டியவை. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட வாய்மொழி ஜெபங்கள் விரைந்து மறைந்து வருகின்றன. ‘வேதாகமப் பெண்’ என்று மட்டும் எழுதப்பட்ட வரிகளுக்குப் பின்னிருந்த பெயர்களை மீட்பது தமிழ்ச் சமூக வரலாற்றின் கடமையுமாகும்.